நிறைவு செய்யப்பட்டது

ஜனவரி 6, திங்கள்

பிப்ரவரி கடைசியில் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அறிக்கை எழுதும்போது தேதிகள் வேண்டும் என்பதால் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்குகிறேன். மற்றபடி எனக்கு நாட்குறிப்பு எழுதுகிற பழக்கமெல்லாம் இல்லை.

இன்று 'துணை' திறக்கப்பட்டது. முதல்வர் ராஜபுஷ்பம் மேடம் தன் கைப்பேசியில் பொத்தானை அழுத்த, மேடைத் திரையில் எங்கள் மகளிர் கல்லூரியின் படம் விரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து நான் எழுதிய செயலி. சான்றிதழ், பஸ் பாஸ், நுழைவுச்சீட்டு, விடுதிக் குறை என்று எதற்கும் இனி அலுவலக ஜன்னலில் நிற்க வேண்டாம். கைப்பேசியில் கேட்டால் உரிய மேசைக்குப் போய்விடும். ஏழு நாளுக்குள் முடிந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு.

இதுவரை ஒரு போனஃபைடு சான்றிதழுக்கு மூன்று நாள் நிற்பார்கள். முதல் நாள் விண்ணப்பம், இரண்டாம் நாள் கையெழுத்து ஆகவில்லை, மூன்றாம் நாள் எழுத்தர் விடுப்பு. இன்று வணிகவியல் பிள்ளை ஒருத்தி பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதானா மேடம்?" என்று அங்கேயே நின்றாள். போகச் சொல்ல வேண்டியிருந்தது.

விழா முடிந்து படியிறங்கும்போது முதல்வர் என் தோளைத் தொட்டார். "குழு வந்து போகட்டும் செண்பகா. ஒங்க ஆர்டர் விஷயத்த நிர்வாகத்துல நானே பேசுறேன்."

கணினித் துறையில் தற்காலிக விரிவுரையாளராக எனக்கு இது ஒன்பதாவது ஆண்டு.

ஜனவரி 10, வெள்ளி

வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. பிடித்து முடித்துவிட்டுப் போனதில் முதல் வகுப்புக்குத் தாமதம்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்று மட்டும் எழுபத்து நான்கு கோரிக்கைகள்.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது தனிப்பெட்டிதான். துறைத் தலைவரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ சொல்ல முடியாததை ஒரு பிள்ளை எழுதலாம். அது என் கணக்குக்கு மட்டும் வரும். திறந்ததும் மேலே இரண்டு வரி தெரியும்: "நீங்கள் எழுதுவதைப் பொறுப்பாளர் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள். தயங்காமல் எழுதுங்கள்." அந்த வரிகளை எழுத எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

விடுமுறைக்கு முன் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தினமும் பின்னால் வருவதாக எழுதியிருந்தாள். அவள் பெயரைச் சொல்லாமல் முதல்வரிடம் பேசினேன். இன்று மாலை காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் காவலர் நிறுத்தத்தில் நின்றார். நாளையும் நிற்பாராம். அந்தப் பிள்ளை தனிப்பெட்டியில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: "நன்றி."

வீட்டுக்கு வந்து இவரிடம் அதைச் சொன்னேன். இவர் தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறார். வீட்டில் நாங்கள் இருவர்தான். "பரவால்லயே, ஒன் மிசினு போலீசையே வரவச்சிருச்சு" என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

நுழைவுச்சீட்டுப் பகுதியில் பிறந்த தேதி மாறி வருகிறது. மதியம் முழுக்க அதே வேலை.

தனிப்பெட்டியில் விடுதிப் பிள்ளை ஒருத்தி கீழ்த்தளத்தில் அறை கேட்டிருக்கிறாள். காப்பாளரிடம் பேச வேண்டும்.

மாவு மில் பூட்டியிருந்தது. ஊறவைத்த அரிசியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

விடுதிப் பக்கம் போனேன். காப்பாளர் ஜெபக்கனி டீச்சர் வெள்ளையடிப்பவர்களோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளைக் குழுவுக்குக் காட்டுவதற்காக உடற்பயிற்சி அறையும் நோயாளர் அறையுமாக மாற்றுகிறார்கள். என்னைப் பார்த்து, "என்ன செண்பகா, இங்கிட்டு?" என்றார். "சும்மாதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த நேரத்தில் போய் அறை கேட்பது சரியாக இருக்காது. காரணம் கேட்டால் சொல்லவும் கூடாது.

பிப்ரவரி 7, வெள்ளி

சிவப்பு பதினொன்று.

பிப்ரவரி 14, வெள்ளி

முதல்வர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தி ரெண்டு சதவீதமா?"

"ஆமா மேடம். மத்த காலேஜ்ல அறுபதுகூட வராது."

"மத்த காலேஜப் பத்தி எனக்கென்ன? அந்தச் செவப்பெல்லாம் என்னது?"

ஆய்வகத்தில் மின்விசிறி, நூலகத்தில் பழைய நிலுவை, விடுதிக் குழாய். ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதும் கேட்கவில்லை.

"குழு வர்றப்ப அந்தத் திரைய ஹால்ல போடப் போறோம். நூறு இருக்கணும் செண்பகா. எப்படின்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

பிப்ரவரி 17, திங்கள்

நான்கு மேசைகளுக்கு நேரில் போய்க் கேட்டேன். பாதி வேலை நடந்தது. குழாய் வேலைக்கு ஆள் வரவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் சிவப்பு பத்தொன்பது. மதிய உணவுக்கு முன் சிவப்பு இல்லை.

ஒவ்வொன்றிலும் 'நிறைவு' என்பதை அழுத்தினால் பிள்ளையின் கைப்பேசிக்குச் செய்தி தானாகப் போய்விடும்: "உங்கள் கோரிக்கை நிறைவு செய்யப்பட்டது. துணையைப் பயன்படுத்தியமைக்கு நன்றி." பத்தொன்பது முறை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். குழு போனதும் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

முதல்வர் கைகுலுக்கினார். இரண்டு கையாலும்.

பிப்ரவரி 27, வியாழன்

குழு போய்விட்டது. ஐந்து பேர், இரண்டு நாள். நேற்று நான் உட்காரவேயில்லை.

துணையை நான்தான் விளக்கினேன். ஒரு அம்மையார் தனிப்பெட்டியைப் பற்றி நிறையக் கேட்டார். இதில் இதுவரை எத்தனை வந்தன என்றார். ஆறு என்றேன். எத்தனை முடிந்தன என்றார். ஆறும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுவது பெரிய விஷயம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

கால் வீங்கியிருக்கிறது. இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

மார்ச் 1, சனி

என் பணி நிரந்தர ஆணை தயாராகிக்கொண்டிருக்கிறது என்று முதல்வரே தொலைபேசியில் சொன்னார். அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் விடுதிப் பிள்ளை ஒருத்தி மாடிப்படியில் விழுந்துவிட்டாள். மேல்மாடியில் குழாய் வராததால் கீழிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துப் போவார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்திலிருந்து கீழே வரைக்கும் உருண்டிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

இரண்டாம் ஆண்டு தமிழ். பெயர் பிரமசக்தி. விளாத்திகுளம் பக்கம்.

பெயரைக் கேட்டதும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு.

மார்ச் 5, புதன்

துணையைத் திறந்து பார்த்தேன். மூடிவிட்டேன்.

இரண்டு வகுப்பு. மாலையில் துணி இஸ்திரி போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஜெபக்கனி டீச்சருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்லூரி சார்பில் யாராவது போக வேண்டும் என்று அவர் என்னைக் கூப்பிட்டார். மறுக்கக் காரணம் இல்லை.

காறை எலும்பு முறிந்திருக்கிறது. தாடை இரண்டு இடத்தில் உடைந்ததால் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. முன்பல் இரண்டு இல்லை. தலையில் தையல். தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

அம்மா பேச்சித்தாய் பக்கத்தில் நின்றார். ஊர்ப் பள்ளியில் சத்துணவுச் சமையல். அப்பா இல்லை. "தண்ணி சிந்தியிருக்கும் போல டீச்சர், வழுக்கிட்டு" என்றார் திரும்பத் திரும்ப. அப்போது மருத்துவர் வந்தார். படியிலேயே வலிப்பு வந்துதான் விழுந்திருக்கிறாள், முன்பே மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைதானே, விடுதியில் யாருக்கும் தெரியாதா என்று கேட்டார்.

ஜெபக்கனி டீச்சர் அந்த அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "விடுதி ஃபார்ம்ல நோய் இருக்கான்னு ஒரு எடம் இருக்குல்லம்மா? இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? மூணாவது மாடியிலயா போட்ருப்பேன்?"

அந்த அம்மா குனிந்தார். போர்வையின் ஓரத்தை இழுத்து மகளின் காலை மூடினார்.

நான் ஜெபக்கனி டீச்சரின் பின்னால் நின்றேன். திரும்பும்போது பேருந்தில் கூட்டம்.

மார்ச் 10, திங்கள்

முதல்வர் கூப்பிட்டார். நோயை மறைத்துச் சேர்ந்ததற்காகப் பிரமசக்தியை விடுதியிலிருந்து நீக்கலாமா என்று விடுதிக் குழு 24ஆம் தேதி கூடுகிறது. தினமும் வந்துபோகிற தூரத்தில் அவள் ஊர் இல்லை. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"துணையில அந்தப் பொண்ணு ஏதாவது எழுதியிருக்காளான்னு பாருங்க. நாளைக்கு யாராவது கேட்டா நாம சொல்லணும்ல."

"பாக்குறேன் மேடம்."

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தனிப்பெட்டியில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு. ஒருமுறை மீறினால் அதன் பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.

மார்ச் 12, புதன்

ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பழைய பதிவுகளை நீக்கும் கட்டளை ஒன்றை எழுதினேன். ஒரே வரி. இயக்கவில்லை. கணினியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவரிடம் கடைத்தெருவுக்கு என்று சொன்னேன்.

பிரமசக்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா உறிஞ்சுகுழலில் கஞ்சித்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளால் பேச முடியாது. சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் தமிழில் அடித்துத் திருப்பிக் காட்டுகிறாள்.

என்னைத் தெரிந்திருந்தது. "துணை மேடம்" என்று அடித்துக் காட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். கம்பி விடவில்லை.

அம்மா பாத்திரம் கழுவப் போனதும் வேகமாக அடித்தாள்.

"நான் தனிப்பெட்டில எழுதுனேன் மேடம். கீழ ரூம் வேணும்னு. அன்னைக்கு ஹாஸ்டல்ல நெட் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒங்களுக்கு வந்து சேரலன்னு நெனக்கேன்."

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியை வாங்கி இன்னொன்று சேர்த்தாள்.

"பெறவு முடிஞ்சுதுன்னு மெசேஜ் வந்துச்சு. அது மிசின் தப்பா அனுப்பியிருக்கும்."

"இருக்கலாம்மா" என்றேன்.

வரும் வழியில் புடலங்காய், தக்காளி வாங்கினேன்.

மார்ச் 17, திங்கள்

ஜனவரி 28, மாலை 4.05க்கு எனக்கு வந்தது இது. எழுத்து மாறாமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

"வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு தமிழ். அறை எண் 307. எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை போடுகிறேன். இரண்டு வருடமாக வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திரும்ப வந்துவிட்டது. அதிலிருந்து படியில் இறங்கும்போது பயமாக இருக்கிறது. கீழே ஒரு இடம் கிடைத்தால் போதும். யாரோடும் இருந்துகொள்வேன். காரணத்தை மட்டும் காப்பாளரிடம் சொல்ல வேண்டாம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வெளியே தெரிந்தால் அமையாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள் என்று போட்டிருப்பதால் எழுதுகிறேன்."

படித்தேன். அன்றைக்கே படித்தேன். இரண்டு முறை. நெட் நன்றாகத்தான் இருந்தது.

கீழே கணினி தானாகக் குறித்து வைத்திருக்கிறது. "முடித்தவர்: செண்பகவல்லி. பிப்ரவரி 21, காலை 11.40."

மார்ச் 18, செவ்வாய்

தண்ணீர் வந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. முத்திரையுடன். முதல்வரே கையில் கொடுத்தார். துறையில் எல்லோருக்கும் இவர் காராச்சேவும் அல்வாவும் வாங்கி அனுப்பியிருந்தார்.

ஜெபக்கனி டீச்சரும் வந்து வாழ்த்திவிட்டு, "திங்கக்கெழம கூட்டத்துல அந்தப் பிள்ளைய அனுப்பத்தான் போறாங்க. பாவமாத்தான் இருக்கு. மறைச்சிட்டாளே, என்ன செய்ய?" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் நெடுநேரம் ஆணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டுந்தான் தெரியும்."

"ஆமா."

"அந்தப் பிள்ளைக்கே நீ படிச்சது தெரியாதுல்ல?"

"தெரியாது."

"பெறகு எதுக்கு நீயா போய்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து போய்க் கைகால் கழுவினார்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரி. இன்று இவரே பைக்கில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை.

பேச்சித்தாய் அங்கேதான் இருந்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்வதா, வைத்துக்கொண்டே சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அந்தப் பிள்ளையின் இரகசியம் அம்மாவுக்கும் தெரிந்ததுதான். எழுதினாள் என்பது மட்டும்தான் தெரியாது. கடைசியில் பிரமசக்தியிடமே கேட்டேன். "அம்மா இருக்கலாமா?" தலையசைத்தாள்.

"நீ எழுதுனது எனக்கு வந்துச்சும்மா. நெட் போகல. மிசினும் தப்பு பண்ணல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அடித்தாள்.

"படிச்சீங்களா"

"படிச்சேன்."

"எப்ப"

"நீ அனுப்புன அன்னைக்கே. முடிஞ்சுதுன்னு மெசேஜ் அனுப்புனதும் நான்தான். திரையில எல்லாம் பச்சையாத் தெரியணும்னு முடிச்சேன். காப்பாளர்கிட்ட நான் கேக்கவே இல்ல."

அவள் கைப்பேசியை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கம்பி கட்டிய வாயோடு அழவும் முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பேச்சித்தாய் மெதுவாகக் கேட்டார். "என்னது டீச்சர்? என்ன எழுதுனா?"

சொன்னேன். என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. மகளின் பக்கம் குனிந்தார்.

"அப்பம் நீ சொல்லத்தான் செஞ்சிருக்க. நான் சொல்லாத, சொல்லாதன்னு ஒன் வாயக் கட்டுனேன். நீ ஒருத்தர்ட்ட சொல்லியிருக்கியேடி."

வெகுநேரம் கழித்துப் பிரமசக்தி கண்ணைத் திறந்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுதியதைக் காட்டினால் அவள் மறைக்கவில்லை என்பது தெரியும், ஆனால் அவள் அனுமதி இல்லாமல் காட்ட மாட்டேன் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காட்டட்டும்" என்றார்.

பிரமசக்தி அடித்தாள்.

"காட்டுங்க. அக்கா விஷயத்த மட்டும் எடுத்துருங்க. நீங்க முடிச்ச நேரத்தையும் காட்டணும்."

மார்ச் 24, திங்கள்

காலையில் கூட்டத்துக்கு முன் முதல்வர் அறைக்குப் போய் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லைன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன் மேடம்."

"குழுகிட்ட நூறுன்னு சொல்லியிருக்கோம். அவங்க ரிப்போர்ட் இன்னும் வரல. இது வெளிய போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஒங்க ஆர்டர்ல மை காயலையே செண்பகா."

"யோசிச்சேன் மேடம். பொண்ணு அனுமதி குடுத்திருக்கா. கூட்டத்துல குடுக்கத்தான் போறேன். மொதல்ல ஒங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

"நூறு வேணும்னு நான்தான் கேட்டேன்" என்றார், தனக்கே சொல்வதுபோல. பிறகு மணியை அடித்து எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.

ஏழு பேர். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. நிர்வாகத்திலிருந்து வந்த பெரியவர் பல கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தாள் ஜெபக்கனி டீச்சரிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

"அன்னைக்கு ஹாஸ்டலுக்கு வந்தியே செண்பகா" என்றார். "வெள்ளையடிச்சிக்கிட்டு இருந்தோம். என்னன்னு கேட்டேன். சும்மான்னு சொன்ன."

"ஆமா டீச்சர்."

"இதக் கேக்கவா வந்த?"

"ஆமா."

"காரணம் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் கீழ எடம் வேணும்னு சொல்லியிருந்தா போதும். நான் என் ரூமையே குடுத்திருப்பேனே."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரமசக்தியை நீக்கும் பேச்சு அத்தோடு நின்றது. எழுதாமல் விடுகிற தேர்வுகளை நவம்பரில் எழுதலாம். கீழ்த்தளத்தில் அந்த உடற்பயிற்சி அறை மறுபடி பிள்ளைகளுக்கே. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கடிதம் வந்தது. என் பணி நிரந்தர ஆணை மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. துணையின் பொறுப்பு ஏப்ரல் மாதம் வேறொருவருக்கு.

மாலையில் இவர் வாசலில் பைக்குடன் நின்றார். "முடிஞ்சுதா?" என்றார். அந்தச் சொல் எனக்கு என்னவோ போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 26, புதன்

பிப்ரவரி 21 அன்று முடித்த மற்ற பதினெட்டையும் வெளியே எடுத்தேன். மின்விசிறி ஓடவில்லை. விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒருத்தி அடையாள அட்டை இல்லாமல் இரண்டு உள்தேர்வு எழுதவில்லை. பதினெட்டுப் பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். தானியங்கிச் செய்தி அல்ல.

ஏப்ரல் 4, வெள்ளி

பொறுப்பை ஒப்படைக்கும் முன் செயலியில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். முதல்வரிடம் கேட்டுவிட்டுத்தான். இனி அலுவலகத்தில் யாரும் ஒரு கோரிக்கையை முடிக்க முடியாது. கேட்ட பிள்ளை தானே 'கிடைத்தது' என்று அழுத்தினால்தான் முடியும்.

அமல்படுத்திய மாலை பார்த்தேன். முப்பத்து நான்கு சதவீதம். திரை முழுக்கச் சிவப்பு.

"பாக்கவே கண்ணு கூசுது" என்றார் முதல்வர். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. விடுதிக் குழாய்க்கு யாரை அனுப்பினார்கள் என்று அங்கிருந்தே எழுத்தரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்.

ஏப்ரல் 19, சனி

கம்பி எடுத்துவிட்டார்களாம். ஜெபக்கனி டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தமிழ்த்துறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. என்னிடம் அவர் இப்போதெல்லாம் பேசுவதில்லை.

மே 12, திங்கள்

இவருக்குக் காய்ச்சல். தண்ணீர் வரவில்லை.

ஜூன் 18, புதன்

கல்லூரி திறந்து மூன்றாம் நாள். எனக்குப் பத்தாவது ஆண்டு, தற்காலிகமாகவே.

மதியம் ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். பிரமசக்தி வாசலில் நின்றாள். முன்பல் இரண்டும் புதிதாகக் கட்டியிருந்தாள். தாடையில் தழும்பு. அவள் குரலை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிடக் கனமான குரல்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"வாம்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் எழுதுனதப் படிச்சீங்கல்ல. படிச்சு முடிச்சதும் என்ன நெனச்சீங்க?"

மூன்று மாதமாக இதற்கு எத்தனையோ பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஆணை கைக்கு வர வேண்டும் என்ற ஆசை, முதல்வர் மேல் பயம், இரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற கவலை. எல்லாம் பிறகு வந்தவை. ஜனவரி 28 அன்று அவற்றில் எதுவுமே இல்லை.

"ஒண்ணும் நெனக்கலம்மா" என்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

பதில் பொய்யா என்று பார்க்கிறவள்போல என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கு ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம்" என்றாள்.

பிறகு, வகுப்பு இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டாள். தமிழ்த்துறை மேலே இருக்கிறது. அவளுக்காக வகுப்பைக் கீழே மாற்றியிருப்பதாக நேற்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். நடைபாதை முனையில் மாடிப்படிக்கு முன்னால் அவள் ஒரு நொடி நின்றதை ஆய்வக வாசலிலிருந்து பார்த்தேன். மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சுவரைத் தொட்டபடியே அதைக் கடந்து போனாள்.